ஞாயிற்று வாசகமும் உப்பளமும்

(மரக்காணத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திங்கட் கூட்டத்தில் விவிலிய நூலைப்பற்றி ஏதேனும் பேசுக எனச் செயலாளர் எம்மைப் பணித்தார். நம் சங்கத்தாருள் பூமீசுவரர் கோயிலுக்குச் செல்வோரும் உளர். மாதாகோயிலுக்குச் செல்வோரும் உளர். இருவகையாரும் ஒரே பந்தியில் அமர்ந்துண்ணும் குடும்பங்களும் இங்கே உள. ஆகலின் யாம் ஈண்டுச் சமயப் பிரசங்கம் செய்யப் புகவில்லை. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட யாம், ஞாயிற்றுப் பூசையில் வாசகம் படிக்கும் பணியையும் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றோம். படிப்பவன் வாயிலாகச் செல்லும் சொற்கள் கேட்போர் காதிற் புகுமுன் படிப்பவன் நெஞ்சிற் புகுதல் இயல்பு. அவ்வாறு புகுந்து, வெளியேற மறுத்து, எம்மொடு தங்கிவிட்ட இரண்டு மூன்று வாசகங்களைப்பற்றியே இன்று சொல்ல விரும்புகின்றோம். அவை உப்பைப்பற்றியும் கூலியைப்பற்றியும் பேசுவன. உப்பளத்தாராகிய நமக்கு அவற்றிற் கேள்வியுண்டு.

வாசக முறை இன்னதென்று முதற்கண் அறியாதார்க்குச் சுருங்கச் சொல்வோம். முற்காலத்தில் கத்தோலிக்கப் பூசை இலத்தீன் மொழியில் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு வழிபாட்டுச் சீர்திருத்தத்தை இயற்றியபின், 1969இல் புதிய வாசக ஒழுங்கு வெளியாயிற்று. அதன்படி ஞாயிற்று வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றாக வருகின்றன. முதலாண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா என நற்செய்திகள் பெரும்பான்மையும் அமையும். அவற்றோடு பழைய ஏற்பாட்டிலிருந்து ஒன்றும், திருமுகங்களிலிருந்து ஒன்றும் படிக்கப்பெறும். உரோமாபுரியில் எவ்வாசகமோ அதுவே அன்று மரக்காணத்திலும். நாமாகத் தேர்ந்தெடுப்பது ஒன்றுமில்லை. விரும்பியதை மட்டும் படிக்கும் வசதி இல்லாமையே இவ்வொழுங்கின் சிறப்பென்று யாம் கருதுகின்றோம். மாணாக்கனுக்கு விருப்பமான பாடம் மட்டும் கற்பித்தால் அவன் இலக்கணம் கற்பானோ?

யாம் படிப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொதுமொழிபெயர்ப்பு. அதனை வெளியிட்ட தமிழ்நாடு விவிலிய மறைக்கல்வி திருவழிபாட்டு நடுநிலையம் நமக்கு மேற்கே, பேருந்தேறினாற் சென்றுவிடக்கூடிய திண்டிவனத்திலேயே உள்ளது. திண்டிவனம் என்பது திந்திரிணிவனம் என்பதன் திரிபு, புளியங்காடு என்பது அதன் பொருள் என்பர். புளியங்காட்டிலிருந்து நூல் வர, உப்பளத்திலிருந்து நாம் படிக்கின்றோம். கறிக்கு வேண்டிய இரண்டும் அண்டை அண்டையாகவே இருக்கின்றன.

இனி உப்பு வாசகத்துக்கு வருவோம். இயேசு பெருமான் மலைமேல் அமர்ந்து, தம்மைச் சூழ்ந்த மீனவரையும் ஏழையரையும் நோக்கி, மண்ணுலகுக்கு உப்பு நீங்களே என்று கூறி, உப்புத் தன் தன்மை இழந்தால் அதனைக் கொட்டி மிதிப்பதன்றி வேறு பயனில்லை என்று தொடர்வது மத்தேயு ஐந்தாம் இயலில் உள்ளது. முதலாண்டில், பொதுக்காலத்து ஐந்தாம் ஞாயிறு இது படிக்கப்பெறும். 2020இல் பிப்ரவரி 9, 2023இல் பிப்ரவரி 5, 2026இல் பிப்ரவரி 8 என, தை மாதக் கடைசியையொட்டி வருவது. அந்நாளில் நம் ஊரில் நிகழ்வதென்ன? மழை ஓய்ந்து, பாத்திகளில் தேங்கிய சேற்றை வாரி, வரப்புக் கட்டி, தரையை மிதித்து இறுக்கிக் கழிநீரும் கிணற்று உவர்நீரும் பாய்ச்சத் தொடங்கும் காலம் அது. சனிக்கிழமை மாலைவரை சேற்றில் நின்ற கால்கள் ஞாயிறு காலை கோயிலில் நின்று இவ்வாசகத்தைக் கேட்கின்றன. உரோமாபுரியில் இவ்வொழுங்கை வகுத்தோர் மரக்காணத்து உப்புப் பருவத்தை அறிந்திருக்கமாட்டார்.

இவ்வுப்பு வாசகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மிக அருகியே வருகின்றது என்பதையும் கருதவேண்டும். மாற்கு ஒன்பதாம் இயலின் இறுதியிலும் உப்பைப்பற்றிய பேச்சுண்டு. ஆனால் இரண்டாம் ஆண்டின் இருபத்தாறாம் ஞாயிற்று வாசகம் அவ்வடிகளுக்கு முன்னரே நின்றுவிடுகிறது. லூக்கா பதினான்காம் இயலின் இறுதியிலும் உண்டு. மூன்றாம் ஆண்டின் இருபத்துமூன்றாம் ஞாயிறு அதற்கும் ஓரடி முன்னே நின்றுவிடுகிறது. எஞ்சியது மத்தேயு ஒன்றே. அதுவும் தவக்காலம் முந்தி வரும் ஆண்டில் தவறிப்போகும். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாளே சாம்பற்புதன் வந்தமையால், ஐந்தாம் ஞாயிறு வாராமலே அவ்வாண்டு கழிந்தது. ஆகவே 2005க்குப் பின் 2011வரை ஞாயிற்று ஒழுங்கில் இவ்வாசகம் வரவில்லை. உப்பை அளவோடு இடவேண்டும் என்னும் சமையல் இலக்கணத்தை வாசக ஒழுங்கு செய்தோர் சற்று மிகையாகவே கைக்கொண்டனர் போலும்!

2023இல் இவ்வாசகம் படித்து முடித்து வெளியே வந்தபோது, நாற்பதாண்டுக்கு மேலாக உப்பு வாரிவரும் மூதாட்டி ஒருவர் எம்மை நிறுத்தி, “வாத்தியாரையா, உப்பு எங்கேயாவது உவர்ப்பு இல்லாமற் போகுமா? நான் பார்த்ததில்லையே!” என்றார். இவ்வினாவை உரையாசிரியர் பலரும் எழுப்பியிருக்கின்றனர். அம்மூதாட்டி அவருள் எவரையும் படித்தவர் அல்லர். உப்பாகிய பொருள் தன் சுவையை இழத்தல் இயலாதென்று இரசாயன நூலாரும் கூறுவர். யாம் விடை தேடுமுன் அவரே சற்று எண்ணிப்பார்த்து, “மழை விழுந்து கரைஞ்ச அம்பாரத்தைப் பார்த்திருக்கேன். உப்பெல்லாம் போயிடும், வெள்ளையா ஏதோ மிஞ்சிக் கிடக்கும். அதை நாங்க உப்புன்னு சொல்றதில்லை, வரப்புல கொட்டிடுவோம்” என்றார்.

கற்றார் கூறும் விளக்கங்களுள் தலைசிறந்ததும் இதுவேயாகும். கடல்நீர் கதிரவன் வெம்மையால் சுண்டும்போது முதலில் சுண்ணமும், பின்னர் ஜிப்சமும் படிகின்றன. பூமே அளவியில் ஏறத்தாழ 25 பாகை வந்தபின்னரே உப்பு விளைகின்றது. அதற்கு மேலும் சுண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும். ஆதலால் உரிய வேளையில் உப்பை வாரி, கசப்புநீரை வெளியேற்றல் வேண்டும். பாலத்தீன நாட்டில் சாக்கடல் ஓரத்தில் எடுத்த உப்பு இவையெல்லாம் விரவிய மாசுடை உப்பு. ஈரத்திற் கிடந்தால் உப்பு கரைந்தோடி, வெண்மை மட்டும் எஞ்சும். பார்வைக்கு உப்பு, நாவுக்கு மண். பெருமான் சொன்ன உவமை அளத்து வேலை அறிந்தார்க்கே முற்றும் விளங்கும்.

தமிழாசிரியனுக்குரிய ஓர் இடைக்குறிப்பை அவையோர் பொறுத்தருள்க. பழைய புரோட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பில் உப்பு இழப்பதற்குச் ‘சாரம்’ என்னுஞ் சொல் பெய்யப்பட்டுள்ளது. புதிய மொழிபெயர்ப்பு ‘உவர்ப்பு’ என்று தூய தமிழ்ச் சொல்லை ஆண்டது. உவர்ப்பு நாவுக்கு நேரே சென்று தைக்கும் சொல். சாரமோ உட்பொருள் என்னும் கருத்தையும், நவச்சாரம் என்பதிற்போலக் காரப்பொருள் என்னும் கருத்தையும் ஒருங்கே தாங்கி நிற்பது. மூலமாகிய கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல்லோ இரண்டனையும் விட விந்தையானது. ‘மோரோஸ்’ எனில் பேதை. அதனடியாகப் பிறந்த சொல்லையே உப்புக்கு ஏற்றியிருக்கின்றனர். உப்பு பேதையாயிற்று என்பது சொல்நேர்ப் பொருள். நாமும் பொருளற்ற பேச்சை உப்புச்சப்பற்ற பேச்சு என்கிறோம் அன்றோ? கிரேக்கனும் தமிழனும் ஒரே நாவினராயினர். வள்ளுவரும் புலவி அதிகாரத்தில், காதலரிடை ஊடல் உணவில் உப்புப்போல் அளவறிந்து அமையவேண்டும் என்றார். அவர் அங்கே உப்பைச் சுவைக்காகவன்றி அளவுக்காகவே எடுத்தாண்டார்.

இவ்வளவும் மொழி இன்பம். இனிச் சொல்லப்போவது அவ்வளவு இன்பமாயிராது.

அதே ஞாயிறு, நற்செய்திக்கு முன் படிக்கப்படுவது எசாயா இறைவாக்கினரின் ஐம்பத்தெட்டாம் இயற் பகுதி. நோன்பிருந்தும் இறைவன் கண்ணோக்கவில்லையே என முறையிட்ட மக்களுக்கு அவர் விடையிறுக்கின்றார். பசித்தவனுக்கு உணவு பகிர்தல், வீடற்றவனுக்கு இடமளித்தல், ஆடையற்றவனுக்கு உடுத்தல் என்று அடுக்கி, இறுதியில் ஒன்றைச் சேர்க்கின்றார்: நின்னவர் முன் நின்னை ஒளித்துக்கொள்ளாதே என்பது அது. அந்த ‘நின்னவர்’ யார்? திருவிவிலியம் ‘இனத்தார்’ என்னுஞ் சொல்லைப் பெய்தது. இச்சொல்லைப் படித்த ஒவ்வொரு முறையும் நம் சங்கமே எம் நினைவுக்கு வந்தது. இனத்தாருக்கு உதவுதலே இச்சங்கத்தின் நோக்கம். பிள்ளைகளுக்குப் புத்தகம், நோயாளிக்குச் செலவு, இறந்தார்க்கு ஈமத்துணை என இதுகாறும் செய்தவை சிறியன அல்ல. எசாயா நமக்கு நற்சான்று வழங்கிவிட்டார் என்று மகிழ்ந்து வீடு திரும்பலாம்.

ஆயின் எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘பாசார்’. அதன் பொருள் ஊன், சதை. புரோட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பு இதனை உணர்ந்து மாம்சம் என்னுஞ் சொல்லாலேயே பெயர்த்தது. உறவினர் என்னும் பொருளும் அவ்வெபிரேயச் சொல்லுக்கு உண்டாகலின் இனத்தார் என்றது பிழையன்று. எனினும் அவ்வடியில் முன்னே நிற்போர் பசித்தவரும் வீடற்றவரும் ஆடையற்றவரும். அவர்தம் குலம் யாதென்று இறைவாக்கினர் வினவவில்லை. ஊன் உடையார் அனைவரையும் அவர் ஊனுறவு என்று கொண்டார் என்பதே இடத்தோடு பொருந்தும் பொருள்.

உப்பளத்தில் நிற்பார் ஊனை நாம் அறிவோம். உவர்நீரில் ஊறிய பாதம் வெடிக்கும். வெடித்த இடத்தில் உப்பு புகும். வெண்பரப்பின் கூச்சத்தால் கண் மங்கும். கூர்ச்சர நாட்டுக் கட்ச் உவர்நிலத்தில் உப்பெடுக்கும் அகரியர் இறந்தபின், உப்பேறி இறுகிய அவர்தம் பாதங்கள் எளிதில் வேகா என்று சொல்லப்படுகின்றது. உப்பு எவர் காலையும் குலம் கேட்டுக் கடிப்பதில்லை. நம்மில் குத்தகைதாரரும் உளர். வரப்பில் நிற்கும் கணக்கரும் உளர். பாத்தியில் இறங்கி வாரும் பலகை பிடிப்போரும் உளர். ஆயினும் நம்மவர் அளங்களில் இறங்கி வாருவோரிற் பலர் நம் சங்கத்தார் அல்லர். அவர் சேரியிலிருந்து வருவோர், பெரும்பாலார் பெண்டிர். சங்கப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. அவருக்கு முன்னே நாம் ஒளிந்திருக்கின்றோமா என்பதே எசாயா எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு ஆண்டின் மறுமுனையில் நிற்கும் வாசகங்கள் துணை செய்கின்றன. செப்டம்பர்த் திங்களின் பிற்பகுதி, நம் வழக்கிற் புரட்டாசித் தொடக்கம், நமக்கு எத்தகைய காலம்? உப்புப் பருவம் முடிந்து, மழைக்கு முன் அம்பாரங்களை மூடி, கணக்குத் தீர்க்கும் காலம். அக்காலத்து ஞாயிறுகளில் படிக்கப்படுவன எவை? 2024 செப்டம்பர் 29இல் யாக்கோபின் திருமுகம்: அறுவடை செய்த கூலியாட்களுக்குக் கொடாமற் பிடித்துக்கொண்ட கூலியே உரக்கக் கூவுகின்றது என்று செல்வரை நோக்கிக் கடிந்துரைப்பது. 2025 செப்டம்பர் 21இல் ஆமோசு: மரக்காலைச் சிறிதாக்கி, நிறைகல்லைப் பெரிதாக்கி, ஏழையை ஒரு செருப்பின் விலைக்கு வாங்கும் வணிகரைப் பழிப்பது. 2026 செப்டம்பர் 20இல் மத்தேயு: திராட்சைத் தோட்டத்து உரிமையாளன் பொழுது சாயும்போது எல்லார்க்கும் கூலியைக் கையில் கொடுத்த உவமை. மூன்றாண்டும் கூலியும் அளவையுமே! ஆண்டுதோறும் சரியாகக் கணக்குத் தீர்க்கும் நாளில் இவ்வாசகங்கள் வந்து நிற்றல் எமக்கு வியப்பளிக்கின்றது. எம் பக்கத்து வரிசையில் நின்று கேட்ட குத்தகைதார நண்பர் ஒருவர், “சாமியார் என்னைப் பார்த்தே படிக்கச் சொன்னாரோ?” என்று சிரித்தார். சாமியார் சொல்லவில்லை, நாட்காட்டி சொல்லிற்று.

யாக்கோபு அறுவடைக்காரரையன்றோ சொன்னார், உப்புக்காரரை அன்றே எனின், அதற்கும் நம் தமிழே விடை கூறும். நெல் விளைதல் என்பதுபோல உப்பு விளைதல் என்றே நாம் வழங்குகின்றோம். நற்றிணையில் ஒரு புலவர் உப்பு விளைப்போரை, ஏர்கொண்டு உழாத உழவர் என்னும் கருத்துப்படப் பாடினார். ஆகவே உப்பு வாரலும் அறுவடையே. அகநானூற்றில் உப்பு விற்கும் நெய்தற் பெண் நெல்லும் உப்பும் ஒப்பெனக் கூவிச் செல்வதைக் காண்கின்றோம். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என அறிஞர் பலர் கருதுவர். அந்நூலிலேயே உமணர் உப்பு வண்டிகளோடு செல்லும் காட்சியும் உண்டு. நெல்லுக்கு நிகராக மதிக்கப்பெற்ற பொருளை விளைத்த ஊர் இது. சம்பளம் என்பதனைச் சம்பா நெல்லும் அளத்து உப்புமாகப் பிரித்துக் காட்டுவாரும் உளர். அப்பிரிப்பை யாம் வற்புறுத்தோம். இலத்தீனில் ஊதியத்தைக் குறிக்கும் ‘சலாரியும்’ என்னுஞ் சொல் உப்பின் பெயரடியாகப் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

அளத்துக் கணக்கு எவ்வாறு தீர்க்கப்படுகின்றது என்பதைச் சபையோர் எம்மினும் நன்கறிவர். தையில் முன்பணம் கொடுக்கப்படும். பருவம் முழுதும் அது கூலியிற் கழியும். கழியாமல் எஞ்சியது புரட்டாசியில் மொத்தமாகப் பிடிக்கப்படும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று திங்களும் பாத்தி நீர்ப்பரப்பாய்க் கிடக்கும், வேலை இல்லை. அப்போது மீண்டும் கடன். அக்கடனே அடுத்த தையின் முன்பணம். எம் பள்ளியில் படித்த சிறுமி ஒருத்தி ஒரு கார்த்திகையில் வருகையை நிறுத்தினாள். வினவியபோது, தாயின் புரட்டாசிக் கணக்கில் கைக்கு வந்தது ஒன்றுமில்லை என்றும், தான் செங்கற்சூளைக்குச் செல்வதாகவும் கூறினாள். அவ்வளத்தின் குத்தகைதாரர் பெயரும் ஊரும் இங்கே வேண்டா. அவர் கொடியவர் அல்லர். எல்லாரும் செய்வதைச் செய்தார். அச்சிறுமி மீண்டு பள்ளிக்கு வரவில்லை.

குத்தகைதாரர் பக்கத்து வழக்கும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. பருவத்தினிடையே ஒருநாள் மழை பெய்தால் பல நாள் விளைவு கரைந்துபோகும். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இக்கரையில் ஏறியபோது நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. விலையை வகுப்போர் நாமல்லர், வணிகரே. இவை மெய். எனினும் மழை குத்தகைதாரரின் உப்பைக் கரைக்கும்போது கூலியாளின் மூன்று மாதத்தையும் உடன் கரைக்கின்றது. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால உதவியாக 5000 ரூபாய் தமிழ்நாட்டரசு அளித்து வருதல் நன்றே. மூன்று மாதத்துக்கு அது எத்துணை நாள் வரும் என்பதை இங்குள்ள தாய்மார் எம்மினும் விரைவாகக் கணக்கிடுவர்.

ஆகலின் யாம் சபையின்முன் வைப்பன இரண்டு. ஒன்று, அளம் நடத்தும் உறுப்பினர் புரட்டாசிக் கணக்கில் எஞ்சிய முன்பணம் முழுதையும் ஒருசேரப் பிடியாமல், பாதியையேனும் அடுத்த பருவத்துக்குத் தள்ளி, கூலியின் ஒரு பகுதி மழைக்கு முன் கையிற் சேருமாறு செய்தல். இதனைச் சட்டமாக விதிக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. உறவுமுறையாகக் கேட்டுக்கொள்ளும் உரிமை உண்டு. மூன்று உறுப்பினர் இப்பருவத்திலேயே இதற்கு இசைந்து எம்மிடம் சொல்லியிருக்கின்றனர். அவர் விரும்பாமையால் பெயர் கூறேம்.

இரண்டாவது, நம் கல்விநிதி விதியைப்பற்றியது. அவ்விதியில் ‘நம் இனத்துப் பிள்ளைகளுக்கு’ என்று எழுதப்பட்டுள்ளது. எழுதியவர் நம் முன்னோர். நன்கு கருதியே எழுதினர். அதில் ஒரே ஒரு சொல்லை மாற்றுமாறு வேண்டுகின்றோம். ‘நம் இனத்து’ என்பதனை ‘நம் இனத்தும் நம் அளத்தும் உள்ள’ என்றாக்கினால், நம்மவர் பாத்தியில் வேலை செய்யும் எக்குலத்துப் பிள்ளையும் குறிப்பேட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் நம் நிதியை நாடலாம். நிதி குன்றும் என்ற அச்சம் சிலர்க்கு இருக்கும். பொருளாளரிடம் கேட்டோம், சென்ற ஆண்டு செலவாகாமல் எஞ்சிய தொகையே இவ்வாண்டுக்குப் போதும் என்றார். அவர் சொற்படி கணக்கேட்டை இன்று இக்கூடத்திலேயே திறந்து வைத்திருக்கின்றோம், ஐயமுடையார் பார்க்கலாம்.

விதியைத் திருத்த மூன்றில் இருபங்கு உறுப்பினர் கையொப்பம் வேண்டும். தாளும் எழுதுகோலும் செயலாளர் மேசைமேல் உள்ளன. தேநீர் வழங்கப்படும்போது மேசையருகே சற்று நெருக்கம் உண்டாகும். பெரியோர் முதலில் செல்க.